நெசவாளர் அடுப்பும் உழவர் களமும்

1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரில் நெசவாளர் முதலிய உழைப்பாளிகள் கூடிச் சிறு கடையொன்றைத் திறந்தனர். அக்கடையின் கொள்கைகளை நம்மிற் பலர் மனப்பாடமாக ஒப்பிப்பர். அங்கு விற்ற சரக்கு யாது எனின் விழிப்பர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே. கலப்படமற்ற உணவைச் சரியான எடையிற் பெறுவதே அவர்கள் நாடியது. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய சங்கமும் மளிகைப் பண்டங்களை விற்றே வளர்ந்தது. அடுப்பங்கரையை மறந்த கூட்டுறவு தன் பிறந்தகத்தை மறந்ததேயாம்.

இன்று நம் அங்கத்தினர் இல்லங்களில் நடப்பது யாது? உழவர் நிலக்கடலையை மூட்டையாக வியாபாரியிடம் விற்றுவிட்டுப் பொட்டல எண்ணெயை வாங்குகிறார். கேழ்வரகை விற்ற பணத்திற் குழந்தைக்கு டப்பாச் சத்துப்பானம் வாங்குகிறார். அவற்றிற் பலவற்றில் பெரும்பகுதி தானிய மாவும் சர்க்கரையுமே என்பது டப்பாவின் மேலேயே அச்சிடப்பட்டுள்ளது, படிப்போர்தாம் இல்லை. நெசவாளரோ கூலி வந்ததும் கடைக்காரரின் பழைய கணக்கைத் தீர்த்து, மறுநாளே புதுக் கணக்குத் தொடங்குகிறார். கடன் சொல்லி வாங்குபவர் விலையும் பேச இயலாது, தரமும் கேட்க இயலாது.

2011 முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அப்பேருதவியைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆயினும் சோறு மட்டும் குவிந்த தட்டு வயிற்றை நிரப்புமேயன்றி உடலைத் தேற்றாது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகையுடையோர். நாளெல்லாம் தார் சுற்றும் நம் சகோதரிகளும் இக்கணக்கிற்குப் புறம்பானவரல்லர்.

பரிகாரம் தொலைவில் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குமில்லை. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். முருங்கைக் கீரை வேலியிலேயே நிற்கிறது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு ஒட்டும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும். தறிக்குழியில் அமர்ந்தபடி உணவுக்குப் பின் உடனே தேநீர் கேட்கும் நண்பர்கள் ஒரு மணி நேரம் பொறுப்பார்களாக! இதற்குக் காசு செலவில்லை.

நாம் வேண்டுவது இதுவே: அறுவடைக் காலத்தில் நெசவாளர் சங்கம் அருகிலுள்ள உழவர் சங்கத்திடமிருந்து கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை ஆகியவற்றை மொத்தமாக வாங்கட்டும். பொது ஆலையில் மாவும் எண்ணெயும் ஆக்கி, அங்கத்தினர் ஒப்புதலின்பேரில் கூலியிற் சிறு தவணையாகக் கழித்துக் கொள்ளட்டும். இடைத்தரகரின் பங்கு இரு சாராருக்கும் மிஞ்சும்.

"களியைக் குழந்தைகள் தொடுவதில்லையே" என்பர். உண்மைதான். மேலும், களி கிளற நேரமும் கைவலியும் ஆகும்; அது யார் கை என்பதை ஆண்கள் எண்ணிப் பார்ப்பது நலம். அடையாகவும் புட்டாகவும் தொடங்கலாம். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் ஒரு பகுதிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கியபோது, இது வறியோர் உணவென்று அரசு கருதவில்லை, நமக்கென்ன கூச்சம்?

நம் பண்டகசாலைகளின் குறையையும் மறைப்பதற்கில்லை. நாம் அறிந்த ஒன்றில், நெசவாளர் தறியை விட்டு எழும் மாலை வேளையிற் கதவு பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த நாளிற் பருப்பில் வண்டு ஓடியது. அங்கத்தினர் தனியார் கடைக்குச் சென்றதில் வியப்பென்ன? வண்டு பிடித்த சரக்கைக் கூலியிற் கழித்துக் கொடுப்பது உதவியன்று, கொடுமையாகும். ஆதலால் கொள்முதற் குழுவில் சமைக்கும் பெண்கள் இருவரேனும் இடம்பெற வேண்டும். அவர்கள் கையில் அள்ளிப் பார்த்துச் சரி என்ற பின்னரே மூட்டை உள்ளே வரட்டும். அடுத்த பொதுக்குழுவில் இத்தீர்மானத்தை முதலில் எடுத்துக் கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக் கொள்கிறோம்.