நகை போனது ஒரு முறை, அலைக்கழிப்பது மறுமுறை!



பூட்டிய வீட்டை உடைத்து நகை, பணம் கொள்ளை. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். பறிகொடுத்த குடும்பம் அதற்குப் பிறகு எங்கெங்கே அலைகிறது என்பது செய்தியில் வருவதில்லை.

உழைக்கும் குடும்பத்துக்கு நகை ஆடம்பரம் கிடையாது. ஜூன் மாதம் ஸ்கூல் பீஸுக்கும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அடகு வைத்து, வட்டி கட்டி மீட்கிற சேமிப்பு அது. அது போனால் மொத்த சேமிப்பும் போனது மாதிரிதான்.

முதலில் போகிற இடம் போலீஸ் ஸ்டேஷன். புகாரை வாங்கிக்கொண்டு, சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, "போங்கம்மா, விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்" என்று அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பவுன் கணக்கைக் குறைத்து எழுதச் சொல்லும் கொடுமையும் நடக்கிறது. வீடு புகுந்து திருடியதாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவு. மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி கிளைமைத் தொடாது. எஃப்.ஐ.ஆரில் எத்தனை பவுன் இருக்கிறதோ, அதுதான் அங்கே கணக்கு. ஸ்டேஷனில் குறைத்து எழுதிய ஒவ்வொரு பவுனும் அந்தக் குடும்பத்திடம் இரண்டாவது முறை பறித்த பவுன்!

இன்சூரன்ஸ் பக்கமும் நியாயம் இல்லை. வீட்டுக் கடன் வாங்கும்போது பேங்கிலேயே ஒரு பாலிசியைச் சேர்த்துவிடுகிறார்கள். "நம்ம வீட்டுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். 2021 ஏப்ரல் முதல் எல்லா கம்பெனிகளும் விற்கிற 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியை எடுத்துப் பாருங்கள். தீ, புயல், வெள்ளம் போன்றவை நடந்து ஏழு நாளுக்குள் திருட்டு போனால்தான் அதில் இழப்பீடு. சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் கிடையாது. அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும். நகையையும் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். பூட்டோ கதவோ உடைந்த அடையாளம் இல்லையென்றால் பல பாலிசிகள் கைவிரித்துவிடும். கையெழுத்து வாங்கும்போது இதை யார் நமக்குச் சொன்னார்கள்?

பாலிசி இருந்து திருட்டும் நடந்துவிட்டால், செய்ய வேண்டியவை:

▪️ உடைந்த பூட்டு, பீரோவைத் தொடாமல் போட்டோ எடுங்கள். உடனே 100 அல்லது 112-க்கு அழையுங்கள்.

▪️ போன பொருள் ஒவ்வொன்றையும் எடையோடு புகாரில் எழுதுங்கள். பில் இல்லையா? பழைய நகைக்கடன் ரசீதில் எடை இருக்கும். கல்யாண ஆல்பமும் சாட்சிதான்.

▪️ அன்றைக்கே கம்பெனிக்கு இமெயிலில் தெரிவியுங்கள். "லேட்டா சொன்னீங்க" என்று தட்டிக்கழித்தால் அடங்கிப் போக வேண்டாம். உடனே எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால், தாமதத்தை மட்டுமே காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று வாகனத் திருட்டு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

▪️ கம்பெனி மறுத்தாலோ, புகார் கொடுத்து ஒரு மாதம் பதில் இல்லையென்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

நமது கோரிக்கைகள் மூன்று.

மாநில அரசுக்கு: வீடு புகுந்த திருட்டுக்கு சி.எஸ்.ஆரோடு நிறுத்தும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வையுங்கள். பொருள் கிடைக்கவில்லை என்றால் அதற்கான சான்றை அலையவிடாமல் கொடுங்கள். அந்தத் தாள் வராமல் எத்தனையோ கிளைம்கள் தூங்குகின்றன.

காப்பீட்டு ஆணையத்துக்கு: திருட்டு எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சிடச் சொல்லுங்கள்.

ஒன்றிய அரசுக்கு: 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யை நீக்கினீர்கள். சரி. வீட்டுக் காப்பீட்டுக்கு மட்டும் ஏன் இன்னும் 18 சதவீதம்? அதையும் நீக்குங்கள்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு என்றால், ஆறுதல் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அந்தக் குடும்பத்தோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் அவர்கள் கைக்கு வரும் வரை அங்கேயே இருங்கள்.

#எஃப்ஐஆர்_நம்_உரிமை