பஸ் அட்டையும் பயணியின் சுவடும்

பஸ் கட்டணத்தை வங்கி அட்டை மூலம் செலுத்தும் ஏற்பாடு 2025 நவம்பரில் மாகும்புர போக்குவரத்து நிலையத்தில் ஆரம்பித்து வைக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர். நூறு ரூபாவைக் கொடுத்துவிட்டு, மிகுதிக் காசுக்காக இறங்கும் தரிப்பிடம் வரை நடத்துநரின் முகத்தையே பார்த்தபடி பயணம் செய்து பழகிப்போன எமது மக்களுக்கு இது நல்ல செய்தியே. ஆயினும், இம்முயற்சி வங்கி அட்டையுடன் நின்றுவிடுமாயின், பஸ்ஸை மிக அதிகமாக நம்பியிருப்போரையே அது கைவிட்டதாகிவிடும் என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியவர்களாக உள்ளோம்.

தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறுவோரின் பணப்பையிலேயே இருக்கின்றது. பாடசாலை மாணவன், மரக்கறி மூட்டையுடன் சந்தைக்கு வரும் பெண், சேமிப்புப் புத்தகத்தைக் காட்டி ஓய்வூதியம் பெறும் முதியவர், லயத்திலிருந்து நகருக்கு வரும் தோட்டத் தொழிலாளி ஆகியோரிடம் அதனை எதிர்பார்க்க முடியாது. இவர்களுக்கு வேண்டியது, தெருமுனைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, தீர்ந்ததும் மீண்டும் பணம் நிரப்பிக்கொள்ளக்கூடிய ஒரு பயண அட்டையாகும். கைத்தொலைபேசிக்குப் பணம் நிரப்பத் தெரிந்த நாட்டில் இது புரியாத விடயமல்ல.

இவ்வகை அட்டையின் நன்மைகளையும் ஆபத்துக்களையும் ஒருசேரக் காட்டும் இடம் ஹொங்கொங் ஆகும். அங்கு 1997 செப்டெம்பர் முதலாம் திகதி அறிமுகமான 'ஒக்டோபஸ்' அட்டை மூன்று மாதங்களுக்குள் முப்பது இலட்சம் பேரின் கைகளைச் சென்றடைந்தது. தொழில்நுட்பம் மாத்திரம் இதற்குக் காரணமல்ல. ஒன்றுடனொன்று போட்டியிட்டுக்கொண்டிருந்த ரயில், பஸ், படகுச் சேவை நிறுவனங்கள் ஐந்து 1994 இல் ஒன்றுசேர்ந்து இதற்கெனப் பொதுவான கம்பனியொன்றை அமைத்தன. பணம் ஓரிடத்தில் சேர்ந்து, பின்னர் அவரவர் பங்கு அவரவருக்குப் பிரிந்து சென்றது. பயணிக்கோ ஒரே அட்டை.

எமது நிலைமையை எண்ணிப் பார்ப்போம். கல்முனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் புறப்படும் ஒருவர் மட்டக்களப்பு வரை பஸ்ஸிலும், அங்கிருந்து கோட்டை வரை புகையிரதத்திலும், பின்னர் மீண்டும் பஸ்ஸிலும் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது தனியார் பஸ்ஸுக்கு அனுமதி வழங்குவது கிழக்கு மாகாண நிர்வாகம்; புகையிரதம் மத்திய அரசின் திணைக்களம்; கொழும்பு பஸ் மேல் மாகாணத்துக்குரியதாகவோ இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குரியதாகவோ இருக்கலாம். நேரடியாக பஸ்ஸில் சென்றாலோ, மாகாணங்களுக்கிடையிலான சேவை என்பதால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு வந்துவிடுகிறது. இத்தனை பேரும் ஓர் அட்டைக்கு இணங்குவார்களா? வவுனியாவில் சபையின் பஸ்களையும் தனியார் பஸ்களையும் ஒரே நிலையத்திலிருந்து புறப்படச் செய்வதற்கே பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இச்சந்தேகம் எழுவது இயல்பே.

ஹொங்கொங்கின் அனுபவத்தில் நாம் பெரிதும் மதிப்பது வேறு இரண்டு விடயங்களை. பெயர் பதியாமல் வாங்கும் சாதாரண அட்டைக்கு வைப்புப் பணமாக 50 ஹொங்கொங் டொலர் பெறப்பட்டது. அதனால், அட்டையில் மீதி போதாதபோதும் ஒரு தடவை பயணம் செய்ய முடிந்தது. அக்கடன் அடுத்த முறை பணம் நிரப்பும்போது கழிக்கப்பட்டது. இரவு கடைசி பஸ்ஸில் எவரும் இறக்கிவிடப்படக்கூடாது என்பதை அறிந்தவர்கள் வகுத்த விதி அது. மற்றையது, 2012 இல் ஆரம்பமான முதியோர், அங்கவீனர் சலுகை. அவர்களிடம் இரண்டு டொலர் மாத்திரம் அறவிடப்பட்டது. எஞ்சிய கட்டணத்தை, அட்டையில் பதிவான பயணங்களைக் கணக்கிட்டு அரசு சேவை நிறுவனங்களுக்குச் செலுத்தியது. எமது மாணவரின் பருவகாலச் சீட்டு சபையின் பஸ்ஸில் மாத்திரம் செல்லுபடியாவதும், சபை பஸ் ஓடாத கிராமத்துப் பிள்ளை தனியார் பஸ்ஸில் காசு கொடுத்துச் செல்வதும் இத்தகைய கணக்கு இல்லாமையின் விளைவே.

தடை எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததே. தனியார் பஸ்கள் பலவற்றில் உரிமையாளருக்கு அன்றாடம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு எஞ்சியதைச் சாரதியும் நடத்துநரும் பகிர்ந்துகொள்ளும் வழக்கமே நிலவுகிறது. பயணச்சீட்டு கிடைக்காதிருப்பதற்கும், பயணிகளுக்காக பஸ்கள் வீதியில் ஓட்டப்பந்தயம் நடத்துவதற்கும் இதுவே மூலகாரணம். அவர்களுக்கு நிலையான சம்பளத்தை உறுதி செய்யாமல் கருவியை மாத்திரம் கையில் கொடுத்தால், அது வாரத்தில் ஐந்து நாட்கள் 'பழுதாகவே' இருக்கும். அவர்களைக் குற்றவாளிகளாகக் காண்பதில் பயனில்லை. அவர்களது வீட்டு அடுப்பும் அந்த மிகுதிக் காசில்தான் எரிகின்றது.

இவை யாவும் பேசித் தீர்க்கக்கூடியவை. எமது மக்களைப் பொறுத்தவரை இதனிலும் பாரதூரமான கேள்வியொன்று உள்ளது. யார் எந்த நேரத்தில் எங்கே ஏறினார் என்பதை அட்டை நினைவில் வைத்திருக்கும். அந்த நினைவு எவர் வசம் இருக்கப் போகின்றது?

ஒக்டோபஸ் நிறுவனம் ஏறத்தாழ இருபது இலட்சம் வாடிக்கையாளரின் தகவல்களை வர்த்தக நிறுவனங்களுக்கு வழங்கி 4 கோடி 40 இலட்சம் ஹொங்கொங் டொலர் ஈட்டியமை 2010 இல் அம்பலமானது. 2019 இல் ஆர்ப்பாட்டங்களில் கலந்துகொண்ட இளைஞர்கள், கையில் அட்டை இருந்தும் காசு கொடுத்து ஒருவழிச் சீட்டு வாங்குவதற்காக நீண்ட வரிசையில் நின்றனர். தமது நடமாட்டம் பின்னர் தமக்கெதிரான சாட்சியமாகும் என அவர்கள் அஞ்சினர்.

அந்த அச்சத்தை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வவுனியாவில் 'பாஸ்' பெறக் காத்துக்கிடந்தவர்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள், தாம் அங்கிருப்பதற்கான காரணம் போதாதென பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றமே அதனைத் தடுத்து நிறுத்தியது. 2019 மே மாதத்தில், ஆடையிலிருந்த கப்பல் சுக்கானின் உருவம் தர்மச்சக்கரமாகத் தோன்றியதால் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். துணியிலிருந்த சித்திரமே குற்றமாகக் கொள்ளப்படுமானால், ஒருவர் மாதத்தில் நான்கு தடவை ஓர் ஊருக்குச் சென்றுவந்த பதிவு எவ்வாறு வாசிக்கப்படும்?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றதே என்று கூறப்படலாம். 2025 மார்ச்சில் செயற்பட வேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. தேசிய பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு ஆகியவற்றின் பெயரால் விதிவிலக்குக்கும் அச்சட்டம் இடமளிக்கின்றது. எமக்கு இன்னல் விளைந்ததெல்லாம் அவ்விரண்டின் பெயராலேயே.

ஆகவே, பெயரோ அடையாள அட்டை இலக்கமோ கேட்காமல் விற்கப்படும் அட்டை வேண்டும். லண்டனிலுள்ள எமது உறவினர் வீடுகளில், ஊரிலிருந்து வருவோருக்கென 'ஒய்ஸ்டர்' அட்டையொன்று மேசை இழுப்பறையில் கிடக்கும். எவர் வந்தாலும் அதில் பணம் நிரப்பிக்கொண்டு பயணம் செய்யலாம். பெயரற்ற அட்டைக்கும் தொடர் இலக்கம் உண்டு என்பதால் அது மாத்திரம் போதாது. கணக்குத் தீர்ந்ததும் பயணப் பதிவு குறித்த காலத்துக்குள் அழிக்கப்பட வேண்டும். அதற்கு முன்னர் அதனை எவரும் பெற விரும்பினால் நீதிமன்றக் கட்டளையுடனேயே வரவேண்டும்.

இந்நிபந்தனைகள் கருவிகளுக்கான கேள்விப்பத்திரத்திலேயே இடம்பெற வேண்டும். கருவித் திரையிலும் பற்றுச்சீட்டிலும் தமிழ் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிவிடுவது நல்லது. கருவிகள் வந்திறங்கிய பின்னர் கேட்டால், மென்பொருளில் அதற்கு இடமில்லை என்ற பதிலே கிடைக்கும்.