சிஸ்டத்துக்கு ஃபேன் இருக்கிறது, சமையலறைக்கு?

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறதா? வைரஸ்தான் என்று முடிவு கட்டி விண்டோஸை அழித்து மீண்டும் இன்ஸ்டால் செய்யும் முன், கேபினட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். கோளாறு உங்கள் சமையலறையிலும் இருக்கலாம்!

எங்கள் வீடு ஜவ்வாது மலையில் உள்ள புதூர்நாட்டில் இருக்கிறது. நான் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். தங்கையின் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, சமையலறையை ஒட்டிய அறையில் வைத்தேன். யு.பி.எஸ்., தூசி உறை எல்லாம் உண்டு. சில மாதங்களிலேயே சிஸ்டம் பாதியில் நிற்க ஆரம்பித்தது. பயாஸ் திரையில் பார்த்தால் பிராசஸரின் வெப்பம் எக்கச்சக்கம். கேபினட்டைத் திறந்தேன். ஹீட் சிங்க் முழுக்க பிசுபிசுப்பான கரி. ஃபேன் சுற்றவே திணறியது. எல்லாம் விறகு அடுப்பின் புகை. சாதாரணத் தூசி என்றால் பிளோயரில் பறந்துவிடும். எண்ணெய்ப் பசையுள்ள புகைக்கரி ஒட்டிக்கொள்ளும்.

நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏம்பா, நாலு மாசம் இருந்த மிஷினுக்கே இப்டின்னா, நான் முப்பது வருஷமா அங்கதானே குந்தினு இருக்கேன்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் வாங்கும்போது ஸ்டெபிலைசர் வேண்டுமா, எக்ஸ்ட்ரா ஃபேன் வேண்டுமா என்று பத்துப் பேரிடம் கேட்கிறோம். சமையலறைப் புகைக்கு ஒரு குழாய் வேண்டுமா என்று யாரிடமும் கேட்பதில்லை. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. எனவே என் கருத்து இதுதான்: விறகு எரியும் வீட்டில் பிரிண்டர், ஸ்பீக்கர் எல்லாம் பிறகு. முதலில் செங்குத்தாக ஒரு புகைபோக்கி.

ஏன் செங்குத்தாக? சூடான காற்று எடை குறைந்தது, மேலே ஏறும். அது ஏறும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, அறையின் காற்றை அடுப்புக்குள் இழுக்கும். குழாயின் உயரம் கூடக் கூட இந்த இழுப்பும் கூடும். மின்சாரமே இல்லாத எக்ஸாஸ்ட் ஃபேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சுவர் வழியாகப் படுக்கையாக விட்டால் இழுப்பு குறையும். ஒவ்வொரு வளைவும் புகைக்கு ஒரு ஸ்பீட் பிரேக்கர்.

நாங்கள் அடுப்பின் பின்பக்கத்தை மூடிக் கட்டி, அங்கிருந்து 4 அங்குல இரும்புக் குழாயை நேராக மேலே ஏற்றினோம். நீங்களும் செய்வதானால் இவற்றைக் கவனியுங்கள்:

* பி.வி.சி. குழாய் உருகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் உடலுக்குக் கேடு. இரண்டும் வேண்டாம்.
* குழாயின் வாய் கூரை முகட்டைவிட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும்.
* குழாய் மரச்சட்டத்தையோ கீற்றையோ தொடக்கூடாது. நல்ல இடைவெளி விடுங்கள். மழைக்கு மேலே ஒரு தொப்பி போடுங்கள்.
* உள்ளே காற்று வர ஜன்னலோ துவாரமோ திறந்திருக்கட்டும். வரும் வழி இல்லாவிட்டால் போகும் வழியும் வேலை செய்யாது.
* மாதம் ஒருமுறை கரியைத் தட்டி எடுங்கள்.

கடைசி வரியை அலட்சியம் செய்யாதீர்கள். 1980-களில் மத்திய அரசு நாடு முழுவதும் புகையில்லா அடுப்புகளைக் கொண்டுவந்தது. பல வீடுகளில் குழாய் கரியால் அடைபட்டதும் மக்கள் பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள். இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது, மெயின்டெனன்ஸும் வேண்டும் என்பது நம் துறையில் தெரிந்த பாடம்தானே!

"அதான் கேஸ் வந்துவிட்டதே" என்று சிலர் கேட்கலாம். தமிழக அரசு 2007-ல் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016-ல் உஜ்வாலா திட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் சிலிண்டருக்குப் பணம் இல்லாத மாதத்தில் விறகு மீண்டும் எரிகிறது. மலைக் குளிருக்கு விறகுக் கணப்பும் தேவைப்படுகிறது.

கேஸிலும் புகை கண்ணுக்குத் தெரியாதே தவிர, கழிவு உண்டு. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஒன்றரை கிலோ நீராவியும் வெளியாகும். அந்த ஈரம் சுவரிலும் படியும், குளிர்ந்து கிடக்கும் உங்கள் கம்ப்யூட்டரிலும் படியும். ஆக்சிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். அதனால்தான் குளிர் நாடுகளில் கேஸ் கணப்புக்கும் கூரை வரை செங்குத்துக் குழாய் வைக்கிறார்கள். குழாய்க்குள் குழாய் வைத்த மாடலும் உண்டு. உள்குழாயில் கழிவு வெளியேறும், வெளிக்குழாயில் புதுக் காற்று வரும். குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரை மூடிய அறையிலும், கேஸ் கீசரைக் குளியலறைக்குள்ளும் ஒருபோதும் வைக்காதீர்கள். இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடமே விடுங்கள்.

கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். அதற்குத் தரையை ஒட்டி ஒரு துவாரம் வேண்டும். எரிந்த கழிவுக்கு மேலே வழி வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எங்களுக்குக் குழாய்க்கு ஆன செலவு யு.பி.எஸ். விலையைவிடக் குறைவு. சிஸ்டம் இப்போது நிற்பதில்லை. அம்மாவின் இருமல் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முப்பது வருடக் கரியை ஃபார்மட் செய்ய முடியாது. ஆனால் புதிதாக ஏறாமல் தடுக்கலாம். அடுத்த முறை கேபினட்டைத் திறந்து துடைக்கும்போது, ஃபேனில் கரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடுத்து பார்க்க வேண்டியது சமையலறைக் கூரையை.