பாசாங்கு அல்ல, ஒற்றைத் தலைவலி!

செஞ்சி,

"தலை வலிக்குது" என்று ஆம்பளை சொன்னால் வீடே அடங்கிப் போகிறது. சுக்கு காபி வருகிறது. தைலம் வருகிறது. டி.வி. சத்தம் குறைகிறது.

அதையே பொம்பளை சொன்னால்? "இவளுக்கு வேற வேலை இல்லை" என்ற பதில்தான் வருகிறது!

எல்லா ஊரிலும் இதே கதைதான். செஞ்சியில் வெயிலும் சேர்ந்து கொள்கிறது. சுற்றிலும் பாறை மலை. களத்தில் நெல்லும் மணிலாவும் காய்கிற நாளில் நிமிர்ந்து பார்க்க முடியாது, கண் கூசும். அங்கே தூற்றி, கூட்டி அள்ளுகிற பெண்களில் பலர் விடியுமுன் எழுந்து, வீட்டில் எல்லோருக்கும் ஆக்கிப் போட்டு விட்டு, வெறும் வயிற்றோடு பஸ் ஏறியவர்கள். கூசும் வெளிச்சம், பட்டினி, தூக்கக் குறைவு. ஒற்றைத் தலைவலியைக் கிளப்பி விட இதற்கு மேல் என்ன வேண்டும்?

2 மடங்கு

பெங்களூரிலும் பக்கத்துக் கிராமங்களிலும் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் எடுத்த கணக்கு 2015-ல் வெளியானது. 100 பேரில் 25 பேருக்கு ஓராண்டுக்குள் இந்த வலி வந்திருக்கிறது. பெண்களுக்கு ஏறக்குறைய 2 மடங்கு வாய்ப்பு. நகரத்தை விட கிராமத்தில் அதிகம்.

காரணம் என்ன? வயதுக்கு வருமுன் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை வித்தியாசம் அதிகம் இல்லை. அதன் பிறகுதான் கணக்கு மாறுகிறது. மாதவிலக்குக்கு ஓரிரு நாள் முன்பு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு சடாரென்று இறங்குகிறது. அப்போது தலை பிளக்கிறது, குமட்டுகிறது. கர்ப்பத்தில் 4-ம் மாதத்துக்கு மேல் பலருக்குத் தணிகிறது. மாதவிலக்கு நின்ற பிறகும் பலருக்குக் குறைகிறது.

பாசாங்கு என்கிறார்களே, பாசாங்கு காலண்டர் பார்த்தா வருகிறது?

இன்னொன்று. வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் கோடு தெரிகிறவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. டாக்டரிடம் இதை மறைக்கக் கூடாது.

ஆம்பளைகள் தப்பி விட்டார்களா? இல்லை. "சைனஸ்", "பித்தம்" என்று தாங்களே பேர் வைத்துக் கொண்டு மருந்துக் கடையோடு திரும்பி விடுகிறார்கள். மாதத்தில் 15 நாள், 3 மாதத்துக்கு மேல் வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலி கொடுக்கும்!

ஆஸ்பத்திரியில் "எத்தனை நாளா?" என்று கேட்டு இரண்டு மாத்திரை கொடுத்தால் போதாது. மாதவிலக்குத் தேதியையும் கேட்க வேண்டும். பெண்களும் வலி வந்த நாளை காலண்டரில் பென்சிலால் குறித்து, அதைக் கையோடு கொண்டு போகட்டும். களத்து ஓரத்தில் ஒரு நிழல் கொட்டகை, ஒரு குடிதண்ணீர்க் குழாய். அதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது?