காட்டுப்பன்றியைச் சுடலாம், சரி... எந்தத் தோட்டாவால்?

காட்டுப்பன்றிகளால் பயிர் நாசமாகிறது என்ற விவசாயிகளின் நீண்டகாலப் புகாரைத் தொடர்ந்து, 2025 ஜனவரியில் தமிழக அரசு அவற்றைச் சுட நிபந்தனைகளுடன் அனுமதி அளித்தது. 'சுடலாமா, கூடாதா?' என்ற விவாதம் நிறைய நடந்துவிட்டது. எதைக்கொண்டு சுடுவது என்பதும் அதே அளவு முக்கியம். ஏன்?

விதி என்ன?

காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ. தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே உத்தரவிடலாம், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுடலாம். இங்கே அப்படி இல்லை.

3 கி.மீ. தாண்டினால் என்ன இருக்கும்? மேப்பில் வண்டலூர் காப்புக்காட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்க. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வட்டத்துக்குள்ளேயே வந்துவிடும். அதைத் தாண்டினால் தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று வீடுகள்தான். அதாவது, காட்டிலிருந்து தள்ளிப் போகப் போக மனிதர்கள் கூடுகிறார்கள். சுட அனுமதி இருப்பதும் அங்கேதான்.

தோட்டா உள்ளே போனதும் என்ன நடக்கும்?

தோட்டாவின் ஆற்றல் அதன் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும். பழைய .303 ரைஃபிளின் 11 கிராம் தோட்டா நொடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில் பாயும். ஆற்றல் சுமார் 3,000 ஜூல்.

அந்த ஆற்றல் விலங்கின் உடலுக்குள்ளேயே செலவாகிறதா, வெளியே போய்விடுகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கு. முழுக்க உலோக உறை போட்ட ராணுவ ரகத் தோட்டா, பெரும்பாலும் விரியாமல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். காயம் குறுகலாக இருப்பதால் பன்றி ஓடி, எங்கேயோ ஒரு புதரில் மெல்லச் சாகலாம். வெளியேறிய தோட்டா அடுத்து யார் மேல் படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வேட்டைக்கான தோட்டாவில் முனையில் ஈயம் வெளியே தெரியும். உடலில் பட்டதும் அது காளான் மாதிரி விரிந்து, அகலமான காயம் உண்டாக்கி, வேகம் இழக்கும். இதன் ஆரம்பகால வடிவம் ஒன்று உருவானது இந்தியாவில்தான். 1890-களில் கொல்கத்தா அருகே டம்டம் ஆயுதக் கிடங்கில் தயாரானதால் 'டம்டம் தோட்டா' என்றே பெயர். மனிதர்களுக்கு மிகக் கொடூரம் என்று 1899 ஹேக் மாநாடு போரில் இந்த வகைக்குத் தடை போட்டது. ஆனால் பெரிய விலங்குகளைச் சுட அமெரிக்காவின் பல மாநிலங்களில் விரியும் தோட்டாதான் கட்டாயம். விலங்கு சீக்கிரம் சாக வேண்டும் என்பதே காரணம்.

அப்போ விரியும் தோட்டா போதுமா?

போதாது. ரொம்ப சீக்கிரம் விரிந்தால் மேல்தசையிலேயே சிதறிவிடும். 1946-ல் கனடாவில் ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரர் சுட்ட மூஸ் மான் விழவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் முன்பாதி விரிந்து, பின்பாதி உடையாமல் உள்ளே போகும் தோட்டாவை அவர் வடிவமைத்தார்.

ஆண் காட்டுப்பன்றிக்கு இது நேரடியாகப் பொருந்தும். அதன் தோள்பகுதியில் தடித்த, கவசம் போன்ற தோலடுக்கு உண்டு. இதயமோ நெஞ்சில் தாழ்வாக, முன்கால்களை ஒட்டி இருக்கிறது. குறி சற்று மேலே போனாலும் தப்பிவிடும். இதயத்தில் சரியாகப் பட்டால்கூட, மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனில் பத்து நொடிவரை ஓடலாம். அதனால் விழுந்த இடம் வரை ரத்தத் தடம் பார்த்துப் போவதும் சுடுபவரின் வேலைதான்.

இதில் என்ன சிக்கல்?

வயலில் நிற்பவருக்கு இந்த நுணுக்கத்தைவிட இன்றிரவு பயிர் தப்புமா என்பதுதான் கவலை. அனுமதி தாளிலேயே நின்றால் மின்வேலி, அவுட்டுக்காய் பக்கம் போகிறவர்கள் இருக்கிறார்கள். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்து கோவை வனப்பகுதிகளில் யானைகள் வாய் சிதறி இறந்திருக்கின்றன.

ஆகவே உத்தரவோடு மூன்று விஷயங்கள் சேர்ந்து வர வேண்டும்: விலங்குக்கு ஏற்ற விரியும் தோட்டா, அதில் பயிற்சி பெற்ற ஆள், பன்றிக்குப் பின்னால் வீடோ ரோடோ இல்லாமல் மண்மேடு இருக்கும் கோணம். ஒன்று குறைந்தாலும் விலை கொடுப்பது பன்றி மட்டுமா, பக்கத்துத் தெருவுமா என்று சொல்ல முடியாது.