பழவேற்காடு: உப்பும் நன்னீரும் எல்லை பிரிக்கும் ஊர்

சம்பா அறுவடை முடிந்து, கை சற்று ஓய்ந்திருக்கும் தை, மாசி மாதங்களில் குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர அமைதியான ஊர் எது? பல வாசகர்கள் கேட்கும் கேள்வி இது. சென்னைக்கு வடக்கே சுமார் 55 கி.மீ. தொலைவில் இருக்கும் பழவேற்காட்டைத் தாராளமாகச் சொல்லலாம். கூட்டம் இல்லை, செலவு குறைவு, பிள்ளைகளுக்குக் காட்டப் பறவைகளும் உண்டு, பழைய சரித்திரமும் உண்டு.

உழவர் குடும்பங்கள் அங்கே போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ராயபுரத்தில் ஏறி பொன்னேரியில் இறங்கும் வரை ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால், நன்னீர் கடல்நீரைத் தள்ளி நிறுத்தி வைத்திருக்கும் இடம் எது, அது தோற்றுப்போன இடம் எது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகலாம். கடலோர மாவட்டத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய பாதை இது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது; வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்த நிலையம் இன்றும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கத்தையும், தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளையும் தாண்டி திருவொற்றியூர் வரும். தியாகராஜ சுவாமி, வடிவுடையம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பவர்களும் உண்டு.

அடுத்து எண்ணூர். வெள்ளைக்காரர் காலத்தில் சென்னைப் பட்டணத்துத் துரைமார்கள் விடுமுறைக்குப் படகு விட வந்த அமைதியான ஊர் இது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1970-இல் இங்கே அனல் மின் நிலையம் வந்தது. 1990-களில் வடசென்னை அனல் மின் நிலையமும், 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. எண்ணூர் தாண்டியதும் ரயில் பாலத்தின் மேல் ஏறி, கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகத்தைக் கடக்கும். புகைபோக்கிகளும், சாம்பல் படிந்த மேடுகளும், நடுவில் வலை வீசும் மீனவர்களும் ஒரே பார்வையில் தெரிவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து இந்தக் கழிமுகம் முழுக்கப் பரவியது. படகும் வலையும் பாழாகி மீனவர்கள் தொழிலை இழந்து நின்றார்கள்.

இது மீனவர் கவலை மட்டும் என்று உழவர்கள் ஒதுங்கிவிட முடியாது. கழிமுகம் என்பது ஆற்றின் வடிகால் வாய். அது சாம்பலாலும் மணலாலும் தூர்ந்தால், மேலே இருக்கும் வயல்களில் மழைவெள்ளம் வடிய வழி இல்லாமல் நாள்கணக்கில் தேங்கும். கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்பதை நெல் போடும் எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

மீஞ்சூர்: கண்ணுக்குத் தெரியாத தோல்வி

மீஞ்சூரில் ரயில் நிற்கும்போது வெளியே பார்த்தால் எல்லாம் சாதாரணமாகத்தான் இருக்கும். சங்கதி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த மணல், இந்தப் பகுதியில் பெரிய நிலத்தடித் தொட்டிபோல நன்னீரைத் தேக்கி வைத்திருந்தது. 1960-களின் இறுதியிலிருந்து சென்னையின் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் இங்கே கிணறுகள் அமைத்து நீர் எடுத்தார்கள். உழவர்களின் பம்புசெட்டுகளும் பெருகின. மழை நிரப்பியதைவிட எடுத்தது அதிகமானது. காலியான இடத்துக்குக் கடல்நீர் உள்ளே நகர்ந்தது. இன்று கடற்கரையிலிருந்து பத்து கி.மீ.க்கும் அப்பால் உள்ள கிணறுகளில்கூட உப்பு தெரிகிறது.

இதில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், கனமான உப்பு நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, பாலின் மேல் ஆடை மிதப்பதுபோல. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியில் உள்ள உப்பு நீர் சுமார் 40 அடி மேலே ஏற இடம் கிடைக்கிறது என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. மேலே ஓர் அடிதானே இறங்கியிருக்கிறது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். 2010-இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில், நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. மண்ணுக்கடியில் இயற்கை இலவசமாகத் தேக்கிவைத்த நன்னீர் உப்பான அதே வட்டாரத்தில், இப்போது மின்சாரம் செலவழித்துக் கடல்நீரை நன்னீராக்க வேண்டியிருக்கிறது.

ஊரும் ஏரியும்

பொன்னேரியில் இறங்கி, பேருந்தில் சுமார் 20 கி.மீ. சென்றால் பழவேற்காடு. சாலையின் இருபுறமும் நெல் வயல்கள் வரும். ஊர் நெருங்க நெருங்க மண் வெளுத்து, உமரிச் செடியும் பனையும் தென்படும். எல்லை அங்கேதான் மாறுகிறது.

1600-களின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இங்கே வந்திறங்கி, 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் இது. 1690-இல்தான் அதை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணிக்கு ஊரின் பெயரே வெளிநாட்டில் வழங்கியது. இன்று கோட்டை புதர் மூடிய மேடு. ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் பார்க்க வேண்டியது. வாசலிலேயே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பள்ளிவாசலில் நிழலை வைத்து நேரம் பார்க்கும் சூரியக் கடிகாரமும் உண்டு. பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் பெண்களிடம் நேராகவே வாங்கலாம்.

ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனைதான் தமிழ்நாட்டில். ஆரணியாறு இங்கே வந்து சேர்கிறது. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் ஏரி நன்னீர்ப் பக்கம் சாயும். கோடையில் உப்பு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை பூநாரைகள் கூட்டமாக வந்து மேய்வதும் இதனால்தான். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் மீனவர் அடுப்பு எரியாது. ஆற்றில் நன்னீர் வராமல் போனாலும் அதே கதைதான்.

இங்கே மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு பழைய முறை இருக்கிறது. இறால் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊரே கூடி முறை வகுத்துக்கொள்ளும். நல்ல இடம் ஒருவருக்கே போகாது. எல்லாருக்கும் சுற்றி வரும். ஏரியைப் பங்குபோட்டுப் பிழைக்கத் தெரிந்த ஊர். நம் கிணறுகளுக்கு இப்படி ஒரு முறை இருந்திருந்தால் மீஞ்சூர் இந்தப் பாடு பட்டிருக்காது.

சீனத்தில் இதுபோல் ஓர் ஊர்

ஆறும் கடலும் சேரும் இடத்தில், ஒரு பக்கம் தொழிற்சாலையும் மறுபக்கம் சதுப்பும் வயலுமாக வாழும் ஊர்கள் உலகில் வேறு இடங்களிலும் உண்டு. வடகிழக்குச் சீனத்தில் லியாவ்நிங் மாகாணத்தில் உள்ள பான்ஜின் அப்படி ஒன்று. சீனத்தின் கணக்கில் சிறிய, அமைதியான நகரம். லியாவ் ஆறு கடலில் சேரும் இடம். எண்ணூரைப் போலவே அங்கும் எண்ணெய்த் தொழில் உண்டு. பெரிய எண்ணெய் வயலே ஊரைச் சுற்றி இருக்கிறது. உலகின் பெரிய நாணல் சதுப்புகளில் ஒன்றும் அங்கேதான். கடலோரச் சேற்றில் பழவேற்காட்டு உமரியின் இனத்தைச் சேர்ந்த செடி வளர்ந்து, இலையுதிர் காலத்தில் கரை முழுவதும் சிவப்பாகத் தெரியும். அதைப் பார்க்கவே மக்கள் அந்த ஊருக்குப் போகிறார்கள்.

உழவர்கள் கவனிக்க வேண்டியது அதன் நெல். பான்ஜின் நிலம் உவரும் களரும் கலந்த நிலம். கால்வாய் வழியாக ஆற்று நீரைப் பாய்ச்சி, உப்பைக் கரைத்து, தனி வடிகாலில் வெளியேற்றி அதை நெல் வயலாக மாற்றியிருக்கிறார்கள். குளிர் காரணமாக ஆண்டுக்கு ஒரு போகம்தான். அந்த வயலிலேயே நன்னீர் நண்டும் விடுகிறார்கள். வயலைச் சுற்றி அகலமான வாய்க்கால் எடுத்து, வரப்பில் நண்டு ஏறிப் போகாதபடி பிளாஸ்டிக் தாள் கட்டுகிறார்கள். நண்டு களையையும் பூச்சியையும் தின்னும். அதன் கழிவு பயிருக்கு உரம். பூச்சிமருந்து அடித்தால் நண்டு செத்துவிடும் என்பதால் மருந்தும் குறைகிறது. இந்த 'நண்டு வயல்' அரிசிக்குத் தனி மதிப்பு உண்டு.

இவ்வளவு தூரம் போகாமல் கேரளத்துப் பொக்காளி வயலையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் உப்பு தாங்கும் உயரமான நெல். அறுவடைக்குப் பிறகு அதே வயலில் இறால். இரண்டு ஊர்களிலும் உப்பைக் கழுவிக் கட்டுக்குள் வைப்பது நன்னீரும் வடிகாலும்தான்.

உங்கள் கிணற்றில் பார்க்க வேண்டியவை

* பம்பு ஓடத் தொடங்கும்போது நல்ல தண்ணீர், சில மணி நேரம் கழித்து உப்புக் கரிப்பு என்றால், அடியிலிருந்து உப்பு நீர் மேலேறுகிறது என்று பொருள். ஒரேயடியாக ஓட்டாமல், விட்டு விட்டுக் குறைந்த நேரம் ஓட்டவும்.
* இலை நுனி கருகுதல், வரப்பில் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காமை ஆகியவை அடுத்த அடையாளங்கள்.
* ஆண்டுக்கு இரண்டு முறை, கோடை முடிவிலும் மழை முடிவிலும், நீரைப் பரிசோதிக்கவும். பம்பை 15 நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் வழி சொல்வார்கள்.
* மின்கடத்தும் திறன் 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை. 0.75 முதல் 2.25 வரை என்றால் வடிகாலும் பயிர்த் தேர்வும் முக்கியம். 2.25-ஐத் தாண்டினால் ஆலோசனை கேட்காமல் பாய்ச்ச வேண்டாம்.
* ஊர் ஏரி, குளம், தாங்கலைத் தூர்வாருவதுதான் கடலோரத்தில் முதல் உப்பு வைத்தியம். மேலே நிற்கும் ஒவ்வோர் அடி நன்னீரும் கீழே உப்பை அழுத்தி வைக்கிறது.

போகிறவர்களுக்கு

காலையில் சீக்கிரம் போனால் பறவைகளைப் பார்க்கலாம்; மதிய வெயில் கடுமை. ஏரியில் படகேறும் ஆசை வேண்டாம். 2011 டிசம்பர் 25-இல் இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையிலிருந்து பார்த்தாலே மனம் நிறையும். பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

நெல் வயலில் நண்டு வளர்ப்பு நம் ஊரில் முடியுமா? (பொன்னேரி வட்டம்)

சீனத்து நண்டு வேறு இனம். அதை இங்கே கொண்டுவரக் கூடாது. நம் பச்சை நண்டு உவர்நீரில் வளர்வது. நெல் வயலின் நன்னீர் அதற்கு ஒத்துவராது. நண்டுக்காக வயலில் உப்பு நீர் விட்டால் உங்கள் வயலோடு பக்கத்து வயலும் கிணறும் கெடும். பழவேற்காடு ஏரியைச் சுற்றி 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. நன்னீர் நிற்கும் வயலாக இருந்தால், ஓரத்தில் வாய்க்கால் எடுத்து கெண்டை மீன் வளர்க்கலாம். உவர்நீர் வளர்ப்பு பற்றிய சந்தேகங்களுக்குச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேட்கலாம்.

கிணற்று நீர் உப்பாகிவிட்டது. ஆழ்துளையை இன்னும் நூறு அடி இறக்கலாமா? (மீஞ்சூர் பகுதி)

வேண்டாம். கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்பு நீருக்குத்தான் பக்கத்தில் போகிறோம். கடன் வாங்கிப் போட்ட குழாய் உப்பு நீர் தந்தால் கடனும் மிச்சம், நிலமும் கெடும். மேல்மட்டக் கிணறு, பண்ணைக்குட்டை, சொட்டுநீர் ஆகிய மூன்றையும் முதலில் யோசியுங்கள். கோடையில் நெல்லை விட்டுவிட்டுத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறுங்கள்.

ஜிப்சம் போட்டால் உப்பு போய்விடுமா? எந்த நெல் போடலாம்? (கும்மிடிப்பூண்டி வட்டம்)

முதலில் உங்கள் நிலம் உவரா, களரா என்று பரிசோதனையில் தெரிந்துகொள்ளுங்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. உவர் நிலத்துக்கு மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிப்பதுதான் வழி. ஜிப்சம் வாங்கும் பணம் வீண். இரண்டு நிலத்துக்கும் தக்கைப்பூண்டு நல்லது. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45-ஆம் நாள் பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும். ரகங்களில் திருச்சி 3, கோ 43 போன்றவை உப்பு தாங்கும். இளநாற்றைத் தவிர்த்து, 25 முதல் 30 நாள் நாற்றைக் குத்துக்கு மூன்று நான்காக நெருக்கி நடவும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடவும். உங்கள் மண்ணுக்கு எது பொருந்தும் என்பதைத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதனை அறிக்கையைக் காட்டிக் கேட்டுவிட்டு விதை வாங்குங்கள்.