அடைத்த சல்லடையும் கழற்றிய சல்லடையும்

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கடன் வாங்கி ஒரு பழைய பத்துச் சக்கர டிப்பர் வாங்கியிருக்கிறான். திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து புதுச்சேரிக்கு ஜல்லியும் எம்-சாண்டும் அடிக்கிறான். காப்பி குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"மாமா, குவாரிப் பள்ளத்துலேருந்து லோடோட மேல ஏறும்போது வண்டி இழுக்க மாட்டேங்குது. மெக்கானிக் ஒரு யோசனை சொல்றாரு. காத்து உள்ள போற வாயில ஒரு கம்பி வலை இருக்கு. ஏர் ஃபில்டருக்குள்ள இன்னொரு சின்ன ஃபில்டரும் இருக்கு. ரெண்டையும் கழட்டிட்டா காத்து தாராளமாப் போகும், பவர் கூடும்கிறாரு. செலவும் கிடையாது. நீங்க என்ன சொல்றீங்க?"

என்னை ஏன் கேட்டான் என்றால், அரசு அலுவலகத்தில் பல வருடம் நான் வண்டிகளின் லாக் புக்கும் பழுது பில்லும் பார்த்த குமாஸ்தா. ஸ்பேனர் பிடித்தவன் இல்லை. ஆனால் எந்த வண்டி எதனால் படுத்தது என்பதைக் காகிதத்தில் நிறையப் படித்தவன். அவனிடம் "கழற்றாதே" என்றேன். அதற்கான காரணங்களையும், அவனிடம் சொல்லாமல் விட்ட ஒரு காரணத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். என்ஜின் நடைமுறையில் அதைவிட அதிகமாகவே இழுக்கும். ஒரு நாளைக்கு 100 லிட்டர் டீசல் எரிக்கும் டிப்பர், குறைந்தது 10 லட்சம் லிட்டர் காற்றை விழுங்குகிறது. அது கடற்கரைக் காற்று அல்ல, கிரஷர் ஓடும் இடத்துக் காற்று. அங்கே நின்று வந்தால் நம் சட்டைக் காலரே வெள்ளையாகிவிடும். அந்தத் தூளில் இருப்பது கல்லின் பொடி. கல்லில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவே அது புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல்தான். கண்ணுக்குத் தெரியும் மண்ணைவிட, தெரியாத பொடிதான் அந்த இடுக்குக்குள் சுலபமாக நுழையும்.

அடுத்தது டர்போ. காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்குக் கூடச் சுற்றும். அந்த வேகத்தில் ஒரு சிறு கல், ஒரு உதிர்ந்த நட்டு, ஒரு காய்ந்த குச்சி பட்டாலும் இறக்கை நொறுங்கும். வாயில் இருக்கும் கம்பி வலை இதற்குத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன ஃபில்டர், வெளி ஃபில்டர் கிழிந்தாலும், அதை மாற்றும்போது தூசி கொட்டினாலும், கடைசிக் காவலாக நிற்கிறது.

சரி, கழற்றினால் பவர் கூடுமா? இதற்கு எனக்கு என் பள்ளிக்கூடப் பாடம் உதவியது. பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு பாஸ்கலின் பரிசோதனை மறக்காது. 1648-ல் அவருடைய மைத்துனர் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு புய் த தோம் மலைமேல் ஏறினார். உயரம் போகப்போகப் பாதரசம் இறங்கியது. நம்மைச் சுற்றியுள்ள காற்றுக்கு எடை உண்டு, அது எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டிருக்கிறது, மேலே போனால் அந்த அழுத்தம் குறைகிறது என்று அது காட்டியது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். என்ஜின் காற்றை உறிஞ்சுகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் அதை உள்ளே தள்ளுகிறது.

ஃபில்டரும் வலையும் இந்த அழுத்தத்தில் கொஞ்சம் சாப்பிடும் என்பது உண்மை. எவ்வளவு? பெரிய டீசல் வண்டிகளில், ஃபில்டர் அடைத்துவிட்டது, இனி மாற்ற வேண்டும் என்று சொல்லும் எல்லையே பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குப் பக்கத்தில்தான். 10 மீட்டரில் 60 சென்டிமீட்டர் என்றால் நூற்றில் ஆறு. புது ஃபில்டர் சாப்பிடுவது அதில் ஒரு பகுதி. கம்பி வலை மட்டும் சாப்பிடுவது இன்னும் சொற்பம். ஊட்டியில் காற்றழுத்தம் நம் கடற்கரையைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. அங்கேயும் டர்போ வைத்த லாரிகள் மூட்டையோடு ஏறத்தான் செய்கின்றன. ஒரு வலை மறிக்கிற காற்றாலா குவாரி மேட்டில் வண்டி நிற்கும்?

இன்னொன்று. டீசல் வண்டியில் நாம் மிதிக்கும் பெடல் முக்கியமாகக் காற்றை அளப்பதில்லை, டீசலை அளக்கிறது. எவ்வளவு டீசல் உள்ளே போகிறதோ அதற்குத் தக்க சக்தி. காற்று ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும்போது, இன்னும் கொஞ்சம் காற்று விட்டால் கூடுதல் சக்தி எங்கிருந்து வரும்? இலையில் சோறு அவ்வளவுதான் என்றால், வாயை அகலத் திறந்து என்ன பயன்?

ஆனால் கழற்றியவர்கள் எல்லோரும் "வண்டி சும்மா பறக்குது" என்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை, சத்தத்தைக் கேட்டு ஏமாறுகிறார்கள். ஃபில்டரும் அதன் பெட்டியும் காற்று உள்ளே போகும் இரைச்சலை அடக்குகின்றன. கழற்றியதும் என்ஜின் உறுமும், டர்போ விசிலடிக்கும். காது சொல்வதை மனசு நம்பிவிடும். பந்தய வண்டிகளில் திறந்த வாயோடு ஓட்டுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் அடிக்கடி என்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பவர்கள். நம் பையன் மாதத் தவணை கட்ட வேண்டியவன்.

2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகள், புதிய கார்கள் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இவற்றில் பலவற்றில் உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு சென்சார் உண்டு. அதில் சூடான மெல்லிய கம்பியோ தகடோ இருக்கும். காற்று அதை எவ்வளவு குளிர வைக்கிறது என்பதை வைத்துக் காற்றின் அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். சிலவற்றில் அதற்கு முன்னால் ஒரு வலை இருக்கும். அது காற்றைச் சுழலாமல் சீராக அனுப்புவதற்கு. அதைப் பிடுங்கினால் சென்சார் தப்புக் கணக்குச் சொல்லும். தப்புக் கணக்கை நம்பி எரிபொருளும் தப்பாகப் போகும்.

"அவசரம் மாமா, தவணை நிக்குது" என்றான். அவசரம் என்றால் போரைவிடவா? இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு ஸ்பிட்ஃபயர் விமானங்களை அனுப்பியபோது, மணலுக்காக மூக்குக்குக் கீழே தாடைபோல் ஒரு பெரிய ஃபில்டர் வைத்தார்கள். அதனால் விமானத்தின் வேகமும் ஏறும் திறனும் குறைந்தன. எதிரி விமானம் பின்னால் வரும்போது அது உயிர்ப் பிரச்சினை. அப்போதும் ஃபில்டரே வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. எகிப்தில் அபூகிர் பட்டறையில் அதைவிடச் சிறியதாக, காற்றை அவ்வளவு மறிக்காத ஒரு ஃபில்டரைச் செய்து மாட்டினார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் அவனிடம் சொன்னது. சொல்லாமல் விட்டது இனிமேல்தான்.

எண்பதுகளில் நான் ஒரு பிரிவில் வண்டி பில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை வேலைக்குப் போய்வரும் ஒரு டீசல் வண்டிக்குப் புது ஏர் ஃபில்டர் வேண்டும் என்று ஓட்டுநர் எழுதிக் கொடுத்தார். நான் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். நாலு மாதத்துக்கு முன்தான் மாற்றியிருந்தது. சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதினேன்: "இவ்வளவு குறுகிய காலத்தில் மறுபடி ஏன் தேவைப்படுகிறது என்பதை விளக்கவும்." எழுதியதும் எனக்கு ஒரு திருப்தி. அரசுப் பணத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று. வண்டி செம்மண் புழுதியில் ஓடுகிறது என்பதை ஒரு நடை இறங்கிப்போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

கோப்பு கீழே போனது, மேலே வந்தது, மறுபடி கீழே போனது. வாரக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் வேலைத் தளத்தில் வண்டி கரும்புகை தள்ளிக்கொண்டு மூச்சு வாங்கியது. ஓட்டுநர் என்ன செய்வார்? அடைத்துப்போன ஃபில்டரைக் கழற்றித் தூர வைத்துவிட்டு ஓட்டினார். வண்டி இழுத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். சில மாதங்களில் என்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. பிரித்துப் பார்த்தபோது சிலிண்டர் தேய்ந்து போயிருந்தது. ஒரு ஃபில்டரின் விலை எங்கே, போரிங் செய்து பிஸ்டன் மாற்றிய செலவு எங்கே! அந்த பில்லும் என் மேஜைக்குத்தான் வந்தது.

மெமோ ஓட்டுநருக்குப் போனது. ஃபில்டரைக் கழற்றியது அவர் கை அல்லவா? என் குறிப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒருநாள் வராந்தாவில் எதிரே வந்தபோது, "மனுஷனுக்கு மூச்சு முட்டினா துணியை விலக்கத்தான் சார் செய்வான்" என்று மட்டும் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. இன்று அவர் இல்லை.

அதனால் என் கருத்து இதுதான். சல்லடையைக் கழற்றுகிறவன் தப்பு செய்கிறான், சந்தேகமில்லை. ஆனால் அவன் பெரும்பாலும் அடைத்துப்போன சல்லடையால் அலுத்துப்போனவன். அதைச் சுத்தம் செய்யாமல், மாற்றித் தராமல் இழுத்தடித்தவன்மேல் பாதிக் குற்றம் விழ வேண்டும். அலுவலகத்தில் நானும் ஒரு சல்லடையாக இருந்தவன்தான். தூசியை நிறுத்த வேண்டிய நான், அன்று காற்றை நிறுத்திவிட்டேன். இப்போது "இந்த விதி எல்லாம் எதற்கு, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், வேகமாக நடக்கும்" என்று யாராவது பேசும்போது எனக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறது.

தங்கை மகனிடம் மூன்று வேலை சொன்னேன். காற்றுக் குழாயில் சிவப்புக் குறி காட்டும் சின்ன இண்டிகேட்டர் இருக்கிறதா பார்; இருந்தால் அது சொல்லும்போது ஃபில்டரை மாற்று, தரையில் தட்டித் தட்டி மறுபடி மாட்டாதே, தட்டினால் காகிதம் கிழியும். டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் ஹோஸ்களைப் பார். டீசல் ஃபில்டரையும் பார்.

பத்து நாள் கழித்து போன் செய்தான். வெளி ஃபில்டரைக் கழற்றியபோது கோதுமை மாவு மூட்டையை உதறியதுபோல் தூசி கொட்டியதாம். ஒரு ஹோஸில் விரிசல், கிளாம்ப் தளர்ந்திருந்ததாம். இரண்டையும் மாற்றியதும் வண்டி மேடு ஏறுகிறது. கம்பி வலையைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து அதன் இடத்திலேயே மாட்டிவிட்டான்.

நாலாவதாக ஒன்றும் சொன்னேன். பத்துச் சக்கர லாரிக்கு 2018-ல் அரசு மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்திக் கொடுத்ததே, அதற்குள் ஏற்று, பாதி இழுவைப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றேன். "பார்க்கலாம் மாமா" என்றான். தவணைத் தேதி நெருங்கும்போது அந்தப் "பார்க்கலாம்" என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திட்டவில்லை. அடுத்த முறை வரும்போது, அந்த ஓட்டுநர் கதையை அவனுக்கு முழுதாகச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.